ஐரோப்பா ஊடாக ஒரு பயணம் (பலகை விளையாட்டு)

ஐரோப்பா ஊடாக ஒரு பயணம் அல்லது புவியியல் ஆட்டம் என்பது 1759 ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிடப்பட்ட ஒரு பலகை விளையாட்டு ஆகும். இதனை ஜான் ஜெஃப்ரிஸ் என்பவர் உருவாக்கினார். ஐரோப்பாவின் நிலப்படமே இதன் ஆட்டப்பலகை. ஆங்கிலத்தில் வெளிவந்த புவியியல் பலகை விளையாட்டுகளுள் மிகப் பழமையானவற்றில் ஒன்றாக இது கருதப்படுகின்றது. இதன் படி ஒன்று இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

வரலாறு

நிலப்படத்தை விளையாட்டாக மாற்றும் எண்ணம் முதலில் பிரான்சில் வேரூன்றியது. பிரான்சு நாட்டு நிலப்பட வரைஞரான பியர் துவால் 1645 இல் உலக ஆட்டம் என்னும் விளையாட்டை வெளியிட்டார். ஐரோப்பாவில் ஏற்கெனவே பரவியிருந்த வாத்து ஆட்டம் என்னும் 63 கட்டங்கள் கொண்ட சுருள் வடிவ ஆட்டமே அதற்கு அடிப்படை. துவால் அந்தக் கட்டங்களில் நாடுகளின் சிறு நிலப்படங்களை வரைந்தார். 63 ஆவது கட்டத்தில் தமது நாடான பிரான்சை அமைத்தார்.

ஜெஃப்ரிஸ் எழுத்து, கணக்கு, புவியியல் ஆகியவற்றைக் கற்பித்து வந்த ஆசிரியர். அவரும் வாத்து ஆட்டத்தின் விதிகளையே பின்பற்றினார். ஆயினும், தனித்தனிக் கட்டங்களை விடுத்து, ஒரே நிலப்படத்தின் மீது 77 இடங்களுக்கு வரிசையாக எண்ணிட்டார். இதனால் ஆட்டக்காரரின் காய் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நகரும்போது, அவ்வூர்கள் ஒன்றுக்கொன்று எத்திசையில் உள்ளன என்பதும் கண்ணில் படும்.

இவரும் அரச நிலப்பட வரைஞராக விளங்கிய தாமஸ் ஜெஃப்ரிசும் வெவ்வேறானவர்கள். தாமஸ் ஜெஃப்ரிசிடம் தொழில் பயின்ற ஜான் ஸ்பில்ஸ்பரி, நிலப்படங்களை மரப்பலகையில் ஒட்டி நாடு நாடாக அறுத்து, 1760களில் புதிர்ப்படங்களாக விற்றார். இன்றைய துண்டுப்பட விளையாட்டின் முன்னோடியாக அது கொள்ளப்படுகின்றது.

ஆட்ட முறை

நிலப்படம் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டு, கையால் வண்ணம் தீட்டப்பட்டது. விதிகள் நிலப்படத்தின் இரு பக்கங்களிலும் அச்சிடப்பட்டுள்ளன. நகர்வைத் தீர்மானிக்க, பக்கங்களில் எண்கள் பொறித்த டீட்டோட்டம் என்னும் சிறு பம்பரம் பயன்பட்டது. பகடை சூதாட்டத்துடன் தொடர்புடையதாகக் கருதப்பட்டதால், அக்காலத்துப் பெற்றோர் பலர் அதனைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க விரும்பவில்லை. மேலும் இங்கிலாந்தில் 1711 முதல் பகடைகளுக்கு வரியும் விதிக்கப்பட்டிருந்தது.

பம்பரம் காட்டும் எண்ணுக்கேற்பக் காய் நகரும். இறுதி இடமான இலண்டனை முதலில் அடைபவர் வெற்றி பெறுவார். சில இடங்களுக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றுள் சில:

* அரசர் வாழும் ஊரில் தங்குபவர், தாம் சுழற்றிய எண்ணை இருமுறை கணக்கிட்டுக் கொள்ளலாம்.
* 28 ஆம் இடமான அனோவரை அடைபவர், பிரித்தானிய அரசரின் ஆணைப்படி 54 ஆம் இடமான ஜிப்ரால்ட்டருக்கு அழைத்துச் செல்லப்படுவார். அங்கு காவலிருக்கும் தம் நாட்டுப் படையினரைக் காண்பதே பயணத்தின் நோக்கம்.
* 48 ஆம் இடமான உரோமை அடைபவர், திருத்தந்தையின் பாதத்தை முத்தமிட்ட குற்றத்திற்காக 4 ஆம் இடமான ஐசுலாந்துக்கு நாடுகடத்தப்படுவார். 44 இடங்கள் பின்னே செல்வதோடு மூன்று முறை ஆடும் வாய்ப்பையும் இழப்பார்.

பின்புலம்

இவ்விதிகள் அக்கால அரசியலை அறியாமல் விளங்கா. 1714 முதல் 1837 வரை பிரித்தானியாவையும் அனோவரையும் ஒரே அரச குடும்பம் ஆண்டது. ஜிப்ரால்ட்டர் 1704 இல் கைப்பற்றப்பட்டு, 1713 இல் உத்ரெக்ட் உடன்படிக்கை மூலம் பிரித்தானியாவுக்கு அளிக்கப்பட்டது. எனவே, 26 இடங்கள் முன்னேறும் குழந்தை, தொலைவிலுள்ள அவ்விரு ஊர்களும் தன் அரசருக்கு உரியவை என்பதையும் சேர்த்தே கற்றது. உரோமுக்கு விதிக்கப்பட்ட தண்டனை, கத்தோலிக்க சமயத்தின் மீது சீர்திருத்தத் திருச்சபையினர் கொண்டிருந்த வெறுப்பைக் காட்டுகின்றது. நிலப்படத்தோடு பகையுணர்வும் பாடமாக ஊட்டப்பட்டது எனலாம்.

விளையாட்டு வெளியானபோது ஏழாண்டுப் போர் (1756–1763) நடந்து கொண்டிருந்தது. செல்வந்தர் வீட்டு இளைஞர் கல்வியின் நிறைவாக ஐரோப்பாவைச் சுற்றி வருவது அக்கால வழக்கம். அத்தகைய பயணத்தின் சிறு வடிவத்தை இவ்விளையாட்டு வீட்டு மேசையிலேயே தந்தது.

கற்பித்தலில் இதன் பயன்

ஊர்களின் பெயர்களும் அமைவிடங்களும் திரும்பத் திரும்ப ஆடுவதால் மனதில் பதியும் என்பதே இத்தகைய விளையாட்டுகளின் அடிப்படை. ஆனால் இதில் வெற்றி முழுவதும் பம்பரத்தைச் சார்ந்தது. புவியியல் அறியாதவரும் வெல்லலாம், அறிந்தவரும் தோற்கலாம்.

பிற்காலத்தில் இக்குறையைக் களையும் ஆட்டங்கள் தோன்றின. ஆலன் மூன், ஆரோன் வைஸ்புளூம் ஆகியோர் உருவாக்கி 2003 இல் வெளிவந்த ஆப்பிரிக்காவில் 10 நாட்கள் என்னும் விளையாட்டில், பத்து வில்லைகளைத் தொடர்ச்சியான பயணமாக அடுக்க வேண்டும். எந்த நாடு எந்த நாட்டை ஒட்டியுள்ளது என்பதை அறிந்தே அடுக்க இயலும். தென்னாப்பிரிக்காவால் முழுதும் சூழப்பட்ட லெசோத்தோவுக்கு அண்டை நாடு ஒன்றே. காங்கோ மக்களாட்சிக் குடியரசுக்கோ ஒன்பது. இவ்வேறுபாட்டை ஆடுபவர் தாமே கண்டறிவார்.

நிலப்பட விளையாட்டுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு வரம்பும் உண்டு. எல்லைகள் மாறும்போது பலகை பழையதாகி விடுகின்றது. 1759 இல் ஒரே நாடாக இருந்த போலந்து, 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் பங்கிடப்பட்டு நிலப்படத்திலிருந்தே மறைந்தது. 2003 இல் ஆப்பிரிக்க நிலப்படத்தில் இல்லாத தென் சூடான் 2011 இல் தனி நாடானது. எனவே பழைய பலகைகள் அவை உருவான காலத்து உலகைக் காட்டும் வரலாற்று ஆவணங்களாகவும் பயன்படுகின்றன.