ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்கா

ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்கா அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் வடபகுதியில், ஈல் ஆற்றின் தெற்குக் கிளையை ஒட்டி அமைந்துள்ளது. உலகிலேயே மிக உயரமாக வளரும் மர இனமான கடற்கரை ரெட்வுட் இங்கு அடர்ந்து நிற்கிறது. 100 மீட்டரைத் தாண்டிய மரங்களும் உண்டு. பூங்காவின் பரப்பு 50,000 ஏக்கருக்கும் அதிகம்.

தோற்றம்

இப்பகுதி சின்கியோன் பழங்குடியினரின் தாயகம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த குடியேறிகளால் அவர்களுள் பலர் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் விரட்டப்பட்டனர். பின்னர் மரம் வெட்டும் தொழில் பெருகியது. திராட்சைக் கொடிக்கு ஊன்றுகோலாகவும் தண்டவாளக் கட்டையாகவும் பழமையான மரங்கள் பிளக்கப்பட்டன. 1917இல் இதை நேரில் கண்ட ஜான் மெரியம், மேடிசன் கிராண்ட், ஹென்றி ஆஸ்போர்ன் ஆகியோரின் முயற்சியால் 1918இல் ரெட்வுட் பாதுகாப்புக் கழகம் உருவானது. முதல் உலகப் போரில் உயிரிழந்த கர்னல் ரேனல் போலிங்கின் நினைவாக 1921இல் முதல் தோப்பு அர்ப்பணிக்கப்பட்டது. ஜான் டி. ராக்பெல்லர் (இளையவர்) வழங்கிய 20 லட்சம் டாலர் நன்கொடையின் உதவியால், 1931இல் புல் ஓடைக் கரையிலுள்ள பெருங்காடு வாங்கப்பட்டது.

வெள்ளம் தந்த பாடம்

வெள்ளம் கொண்டுவரும் வண்டல் ரெட்வுட் மரங்களுக்கு உரமாகும். புதைந்த அடிமரத்திலிருந்து அவை புதிய வேர் விடும். ஆனால் புல் ஓடையின் மேற்பகுதிச் சரிவுகள் தனியார் வசமே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கு மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. 1955 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டைச் சரிவுகளிலிருந்து மண்ணும் கல்லும் கட்டைகளும் ஓடையை நிரப்பின. ஓடை அகன்று கரையை அரித்தது. காப்பாற்றப்பட்டதாகக் கருதப்பட்ட நூற்றுக்கணக்கான பெருமரங்கள் சாய்ந்தன. 1964இல் மீண்டும் பெருவெள்ளம் வந்தது. கரையை மட்டும் காத்தால் போதாது என்பது தெளிவானதால், மேற்பகுதிச் சரிவுகளும் படிப்படியாக வாங்கிப் பூங்காவுடன் சேர்க்கப்பட்டன. பழைய மரவெட்டுச் சாலைகள் அகற்றப்பட்டுச் சரிவுகள் சீரமைக்கப்பட்டன.

பயணிகளும் உயிரினங்களும்

தோப்புகளின் ஊடே சுமார் 50 கி.மீ. நீளத்துக்கு ‘அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ்’ சாலை செல்கிறது. நடைபயணம், கூடாரத் தங்கல், கோடையில் ஆற்றில் நீராடல் ஆகியவற்றுக்காகப் பயணிகள் வருகின்றனர். ஆற்றில் சால்மன் மீன்கள் முட்டையிட ஏறிவருகின்றன. மார்பிள்டு மரலெட் என்னும் கடற்பறவை முதிர்ந்த மரங்களின் பாசி படர்ந்த கிளையில் ஒரே ஒரு முட்டையிடுகிறது. பயணிகள் சிந்தும் உணவு காகக் குடும்பப் பறவைகளை ஈர்க்கிறது. அவை இம்முட்டைகளையும் தின்றுவிடும். எனவே முகாமில் ஒரு பருக்கையும் சிந்தாமலிருப்பது இப்பறவையைக் காக்கும் எளிய வழியாகும்.

1991இல் விழுந்த ‘டயர்வில் ஜயன்ட்’ என்னும் மாமரம் அகற்றப்படாமல் விழுந்த இடத்திலேயே விடப்பட்டுள்ளது. அதன் மீது இன்று பாசியும் பெரணியும் இளஞ்செடிகளும் வளர்கின்றன.