கேள்வி கேட்ட அத்தியட்சர்

மதத்தில் ஐயம் எழுப்புவோனை இரு சாராரும் வெறுப்பது உலக வழக்கு. குருட்டு நம்பிக்கையுடையோர் அவனை நாத்திகன் என்பர். நம்பிக்கையே வேண்டாம் என்போர் அவனை அரைகுறை என்பர். கேள்வியும் பக்தியும் ஒரே நெஞ்சில் குடியிருத்தல் இயலாது என்பது இரு திறத்தாரும் ஒத்துக்கொண்ட முடிபு போலும். அம்முடிபு சரிதானா என்பதைச் சரித்திரத்தைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். அதற்குத் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டால் நாட்டின் முதல் ஆங்கிலிகன் அத்தியட்சராய் முப்பதாண்டு வாழ்ந்த ஜான் வில்லியம் கொலென்சோ என்பாரின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

நேட்டால் என்ற பெயர் நம்மவர்க்குப் புதியதன்று. 1860-ம் வருடம் நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் அந்நாட்டுத் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழரும் தெலுங்கருமே அவருட் பெரும்பாலார். நம் முன்னோர் மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் கப்பலேறிய கதையும் இதுவேயன்றோ! அக்கப்பல் கரை சேர்ந்த காலத்தில் நேட்டாலில் அத்தியட்சராயிருந்தவர் இந்தக் கொலென்சோவே. அவருடைய கோயில் இருந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில்தான், 1893-ல் காந்தியடிகள் நிறத்தின் காரணமாக இரயில் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பெற்றார்.

கணக்கு வாத்தியார் பாதிரியானது

கொலென்சோ 1814-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிற் பிறந்தவர். ஏழ்மையோடு போராடிக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதம் பயின்று, 1836-ம் வருடப் பரீட்சையில் இரண்டாவது இடம் பெற்றார். பின்பு பள்ளியாசிரியராய் அமர்ந்து அவர் எழுதிய அட்சரகணிதமும் எண்கணிதமும் நெடுங்காலம் ஆங்கிலப் பள்ளிகளிற் பாடப் புத்தகங்களாய் விளங்கின. கிராமக் கோயில் ஒன்றில் குருவாயிருந்த அவரை 1853-ல் நேட்டாலுக்கு அத்தியட்சராக நியமித்தனர். மறுவருடம் பத்து வாரம் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவர், 1855-ல் மனைவி மக்களுடன் அங்கேயே குடியேறினார்.

சென்றவர் வெள்ளையர் வீட்டு விருந்துகளிற் காலம் போக்கினாரல்லர். 'ஒளியுள்ள இடம்' என்று பொருள்படும் எக்குக்கான்யேனி என்ற பெயரால் ஊருக்கு வெளியே ஒரு மிஷன் நிலையம் அமைத்தார், பள்ளி வைத்தார், அச்சுக்கூடம் நிறுவினார், ஜூலு மொழியை அம்மக்களிடமே கற்றார். அம்மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதி, புதிய ஏற்பாட்டையும் மொழிபெயர்த்தார். அம்மக்கள் தம் முன்னோர் வழியாகவே கடவுளைப் பற்றிய எண்ணம் உடையவர் என்று கண்டு, அவர்கள் வழங்கிய பெயராலேயே கடவுளைச் சுட்டலாம் என்றார். பிற மிஷனரிமார் இதனை ஒப்பவில்லை.

இன்னொரு விஷயத்திலும் அவர் மாறுபட்டார். பல மனைவியருடைய ஆப்பிரிக்கன் ஒருவன் கிறிஸ்தவனாக விரும்பினால், ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விலக்கிவிட்டு வரவேண்டுமென்பது மிஷன் சட்டம். விலக்கப்பட்ட பெண்கள் எங்கே போவர்? அவர்தம் குழந்தைகள் யாரை அப்பா என்றழைக்கும்? பலதார மணம் நன்றன்று என்பதைக் கொலென்சோவும் ஒப்புக்கொண்டார். ஆயினும், ஒரு தீமையை ஒழிப்பதற்காக ஒன்றுமறியாப் பெண்களையும் பிள்ளைகளையும் தெருவில் விடுவது அதனினும் பெரிய தீமை என்று வாதாடினார். 1888-ல் கூடிய ஆங்கிலிகன் அத்தியட்சர்களின் லாம்பெத் மகாநாடு, பலதாரமுடையவர்க்கு ஞானஸ்நானம் கூடாதென்றே தீர்மானித்தது. சரியாக நூறாண்டு கழித்து, 1988-ம் வருட மகாநாடுதான், மேலும் மணம் புரிவதில்லையென்று வாக்களிப்போரை மனைவி மக்களோடு ஏற்றுக்கொள்ளலாம் என்றது.

ஒரு ஜூலுவின் வினா

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். பழைய ஏற்பாட்டை ஜூலு மொழியில் பெயர்க்கும் வேலையில் வில்லியம் ந்கிடி என்னும் ஜூலு அவருக்கு உதவி புரிந்துவந்தார். ஜலப்பிரளயக் கதை வந்தது. உலகத்து மிருகங்கள், பறவைகள், ஊர்வன யாவும் வெப்ப நாட்டிலிருந்தும் குளிர் நாட்டிலிருந்தும் இணையிணையாய் வந்து நோவாவின் பேழையில் ஏறின என்பதும், அத்தனைக்கும் நோவா தீனி சேர்த்தான் என்பதும் மெய்தானா, இவற்றை நீர் நம்புகிறீரா என்று அவர் வினவினார்.

கொலென்சோ திகைத்தார். பூமியின் தோற்ற வளர்ச்சியைப் பற்றி லயெல் முதலான விஞ்ஞானிகள் எழுதிய நூல்களை அவர் படித்திருந்தார். உலகம் முழுவதையும் மூடிய வெள்ளமொன்று அக்கதை கூறும் காலத்தில் நிகழ்ந்திருக்க முடியாதென்பதை அவருடைய அறிவு கூறிற்று. வேதத்தின் ஒவ்வொரு சொல்லும் பிழையற்றது என்பதைச் சபை கற்பித்தது. தம்மை நம்பி வந்த ஒரு மனிதனிடம், ஆண்டவன் பெயரால், தாம் நம்பாத ஒன்றை உண்மையென்று கூறலாமா? கூடாதென்று அவர் துணிந்தார். அன்று ஏதோ சொல்லி மழுப்பியிருப்பின் அவருடைய பதவியும் புகழும் நிலைத்திருக்கும்; ஆனால் மனச்சாட்சி நிலைத்திராது.

மற்றோரிடத்தில், எசமானன் அடிமையை அடித்து, அவ்வடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து இறந்தால், அவன் எசமானனுடைய உடைமையாகையால் தண்டனையில்லை என்னும் யாத்திராகமச் சட்டம் வந்தது. இதனைக் கருணையே உருவான கடவுளின் வாக்கென்று கேட்டபோது தம் ஜூலு நண்பர் அடைந்த அருவருப்பைத் தம்மால் மறக்க முடியாதெனக் கொலென்சோ எழுதியுள்ளார். புத்தகத்தின் எழுத்தைக் காட்டிலும் அந்த மனிதனுடைய உள்ளம் கடவுளுக்கு அணுக்கமாயிருந்ததை அவர் கண்டார். தோட்டத்துக் கிராணியின் கைப்பிரம்பை அறிந்த பரம்பரையினராகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1861-ல் அவர் ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு ஓர் உரை வெளியிட்டார். இயேசுவை அறியாது இறந்தோர் அனைவரும் முடிவில்லாத நரகில் வேகுவர் என்னும் போதனையை அதில் மறுத்தார். தம் பாட்டனும் பூட்டனும் நரகத்திற் கிடப்பதாகக் கேட்கும் ஒருவன் அக்கடவுளை அஞ்சலாம். அன்பு செய்வது எங்ஙனம்?

மறுவருடம் மோசேயின் ஐந்து ஆகமங்களையும் யோசுவாவின் புத்தகத்தையும் பற்றிய ஆராய்ச்சியின் முதற் பாகம் வெளிவந்தது. ஏழு பாகங்களும் முடிவதற்கு 1879 வரை சென்றது. கணக்கு வாத்தியாரின் கை அதிற் கணக்கிடத் தொடங்கிற்று. எகிப்தினின்று புறப்பட்ட இஸ்ரவேலரில் இருபது வயதுக்கு மேற்பட்ட ஆடவர் மட்டும் 6,03,550 என்று எண்ணாகமம் கூறுகிறது. பெண்டிர் பிள்ளைகளைச் சேர்த்தால் இருபது லட்சத்துக்குக் குறையாது. சபையார் அனைவரும் ஆசரிப்புக் கூடார வாசலிற் கூடினர் என்கிறது லேவியராகமம். அக்கூடாரத்துப் பிராகாரமோ நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம். ஆடவர் மட்டும் நின்றாலும் ஒரு சதுர முழத்தில் நூற்றிருபது பேர் நிற்கவேண்டும்! முதற்பேறான ஆண்கள் 22,273 என்று வேறோரிடத்தில் வருகிறது. ஆண்மக்களின் மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால், தாய் ஒவ்வொருத்தியும் ஏறக்குறைய நாற்பத்திரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்றிருக்கவேண்டும். ஆகவே இவை வரலாற்றுக் கணக்கல்ல. பிற்காலத்தார் தொகுத்த மரபுரைகள் என்றார் கொலென்சோ.

இவ்வாராய்ச்சியில் குறையில்லாமலில்லை. எண்கள் தவறாயிருப்பதனாலேயே கதை முழுதும் பொய்யாகிவிடாது. அறிஞர் சிலர், வேதத்தைக் கணக்குப் புத்தகம் போல் படித்தார் என்று குறை கூறினர். அவருக்குக் குருவும் நண்பருமாயிருந்த மாரிஸ் என்னும் புகழ்பெற்ற பாதிரியாரும் அவரைக் கைவிட்டார். ஆயினும் அவருடைய நோக்கம் வேதத்தை இகழ்வதன்று. வேதத்தில் தெய்வ வாக்கு உண்டு. ஆனால் வேதத்தின் ஒவ்வோர் எழுத்தும் தெய்வ வாக்கன்று என்பதே அவர் கொள்கை.

விசாரணையும் தீர்ப்பும்

இங்கிலாந்தில் எழுந்த கூச்சலுக்கு அளவில்லை. ஜூலுவை மதம் மாற்றப் போன பிஷப்பை ஜூலு மதம் மாற்றிவிட்டான் என்று பத்திரிகைகள் எள்ளி நகையாடின. காட்டுமனிதன் கேள்வி கேட்டான் என்பதைவிட, அவன் கேள்விக்கு ஓர் அத்தியட்சர் செவிகொடுத்தார் என்பதே அவர்கட்குப் பெருங் குற்றமாய்ப்பட்டது.

கேப் டவுனில் பிரதம அத்தியட்சராயிருந்த ராபர்ட் கிரே, 1863-ம் வருட இறுதியில் வேதப்புரட்டு என்னும் குற்றத்தின் பேரில் விசாரணை நடத்திக் கொலென்சோவைப் பதவியிலிருந்து நீக்கினார். கிரே தீயவரல்லர், சபையின் நம்பிக்கையைக் காப்பது தம் கடமையென்று உளமார நம்பியவர். அவ்விசாரணை மன்றத்துக்குத் தம்மீது அதிகாரமில்லையென்று மறுத்த கொலென்சோ, அங்குச் செல்லாமல் லண்டன் பிரிவி கவுன்சிலில் முறையிட்டார். 1865-ம் வருடம் மார்ச்சு மாதம் அக்கவுன்சில், கிரேயின் தீர்ப்பு சட்டப்படி செல்லாதெனக் கூறிற்று. நிறுத்திவைக்கப்பெற்ற சம்பளத்தையும் கொடுக்கும்படி மறுவருடம் ஆங்கில நீதிமன்றம் உத்தரவிட்டது. கிரே விடவில்லை, 1866-ல் கொலென்சோவைச் சபைக்குப் புறம்பாக்கினார். 1869-ல் வேறோர் அத்தியட்சரையும் அபிஷேகம் செய்து அனுப்பினார். ஒரே ஊரில் இரண்டு அத்தியட்சர்கள்! உலக ஆங்கிலிகன் அத்தியட்சர்கள் 1867-ல் முதன்முதலாக லாம்பெத்தில் கூடியதற்கு இவ்வழக்கும் ஒரு காரணமாகும்.

இத்தனைக்கும் கொலென்சோ சபையை விட்டு வெளியேறவில்லை. வேறொரு சபை தொடங்கவுமில்லை. புறம்பாக்கப்பட்டவர் என்ற பெயரோடே ஞாயிறுதோறும் தம் கோயிலிற் பிரசங்கம் செய்தார், ஜெபம் செய்வித்தார். நம்பிக்கை அற்றுப்போயிருப்பின் இத்தனை அவமானத்தைத் தாங்கி அங்கே நிற்க அவர்க்கென்ன தேவை? கணித நூலாசிரியருக்கு இங்கிலாந்தில் பிழைப்பா இல்லை?

உண்மைச் சோதனை

அவருடைய நம்பிக்கைக்கு உண்மையான சோதனை பின்னரே வந்தது. கிரேயின் அதிகாரத்தை வெறுத்த நேட்டால் வெள்ளையர் பலர், அவ்வழக்கின் காலமெல்லாம் கொலென்சோவின் பக்கமே நின்றனர். நோவாவின் பேழையை அவர் மறுத்ததை அவர்கள் மன்னித்தனர்.

1873-ல் லங்காலிபலேலே என்னும் ஹ்லூபித் தலைவன், தன் ஜனங்களிடமுள்ள துப்பாக்கிகளைப் பதிவு செய்யும் விவகாரத்தில் அரசாங்கத்துக்கு அஞ்சித் தன் கூட்டத்தோடு மலை கடந்து ஓடினான். கணவாயில் நிகழ்ந்த சண்டையில் வெள்ளையர் மூவரும் ஆப்பிரிக்கர் இருவரும் மாண்டனர். அதற்குப் பழியாக அவ்வினத்தார் பலர் கொல்லப்பட்டனர். நிலமும் கால்நடையும் பறிபோயின. தலைவனை முறையற்ற விசாரணைக்குட்படுத்தி ராபன் தீவுக்கு ஆயுட்காலத் தீவாந்தர சிட்சை விதித்தனர். ஊரே கொண்டாடிய அத்தீர்ப்பை அநீதியென்று கண்டித்த வெள்ளையர் மிகச் சிலர்; அவருள் தலையாயவர் கொலென்சோ. சுதேசி விவகார அதிகாரியான ஷெப்ஸ்டன் அவருக்கு இருபதாண்டு நண்பர், அந்நட்பும் முறிந்தது. 1874-ல் அவர் இங்கிலாந்து சென்று குடியேற்ற நாட்டு மந்திரியிடம் முறையிட்டார். லெப்டினன்ட் கவர்னர் திரும்ப அழைக்கப்பெற்றார். லங்காலிபலேலேயும் தீவினின்று நிலப்பகுதிக்கு மாற்றப்பட்டான்.

இதன் பயன் யாது? வேதத்தின் கணக்கை மறுத்தபோது உடனிருந்த வெள்ளையர், கறுப்பனுக்கு நீதி கேட்டபோது கோயிலை விட்டு அகன்றனர். அவர் பிரசங்கம் செய்த மண்டபத்தில் ஆசனங்கள் காலியாயின. அவ்வூராரின் உண்மைச் சமயம் எதுவென்பதை இது வெளிப்படுத்திவிட்டது.

1879-ம் வருடம் ஜனவரி 22-ந் தேதி இசண்ட்ல்வானாவில் பிரிட்டிஷ் படையை ஜூலுக்கள் முறியடித்தனர். நேட்டால் முழுவதும் அச்சமும் பழிவெறியும் மூண்டன. மார்ச்சு 12-ந் தேதி துக்க நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அன்று கொலென்சோ மீகா தீர்க்கதரிசியின் புத்தகத்தினின்று ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டார். நியாயம் செய்தல், இரக்கம் விரும்புதல், மனத்தாழ்மையாய் நடத்தல் ஆகிய மூன்றையுமன்றி ஆண்டவன் வேறு கேட்பதில்லை என்பது அதன் கருத்து. ஜூலுக்கள் மீது நாம் தொடுத்த யுத்தத்தில் நியாயம் எங்கே, இரக்கம் எங்கே என்று, தம் பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் இழந்து வந்திருந்த ஜனங்களின் முகத்துக்கு நேரே கேட்டார். அவ்வசனம் இருப்பது அவர் ஆராய்ந்து குறைகண்ட அதே பழைய ஏற்பாட்டிலேதான் என்பதை அன்பர்கள் மறக்கலாகாது.

எஞ்சிய காலத்தைச் சிறைப்பட்ட ஜூலு மன்னன் செட்ஷ்வாயோவுக்காக வழக்காடுவதிற் கழித்தார். அரசாங்கத்தார் கூற்றுக்களையும் ஆப்பிரிக்கர் சாட்சியங்களையும் எதிரெதிரே வைத்துத் தம் அச்சுக்கூடத்தில் அச்சிட்டார். 1883-ம் வருடம் ஜூன் 20-ந் தேதி காலமானார். அவர் மகள் ஹாரியட் தந்தையின் பணியை 1932-ல் தாம் இறக்குமட்டும் விடாது நடத்தினார். அவருடைய அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் பழகிய மகேமா ஃபூசே, தம் மக்களின் வரலாற்றைத் தம் தாய்மொழியிலேயே எழுதி 1922-ல் வெளியிட்டார். ஜூலுக்கள் கொலென்சோவை 'சொபாண்டு', அஃதாவது 'மக்களின் தந்தை', என்றழைத்தனர். சபை பறித்த பட்டத்திற்கு ஈடாக ஜனங்கள் கொடுத்த பட்டம் அது.

அன்பர்களே! எச்சமயத்தவராயினும் நாம் இச்சரித்திரத்திற் கற்கவேண்டுவது ஒன்றுண்டு. 'இது மெய்தானா?' என்று மகன் கேட்டால் வாயை மூடு என்கிறோம். மாணவன் கேட்டால் அதிகப்பிரசங்கி என்கிறோம். தோட்டத்துத் தொழிலாளி கேட்டால் உனக்கேன் என்கிறோம். கேள்வியைக் கண்டு அஞ்சும் பக்தி தன்மீதே நம்பிக்கையற்றது. கொலென்சோ ஜூலுவின் வினாவுக்கு உண்மையான விடையளித்தார். அதன் விலையைத் தம் கையினின்றே கொடுத்தார். கடவுளையும் விட்டாரில்லை, மனிதனையும் விட்டாரில்லை. ஒருவன் எத்தனை கதைகளை நம்புகிறான் என்று எண்ணுவதை விடுத்து, எளியவனுக்கு அநீதி நேருங்கால் அவன் எப்பக்கம் நிற்கிறான் என்று பார்ப்போமாயின், பக்தன் யார் என்பது எளிதில் விளங்கும்.