திண்டுக்கல் கோட்டை: யுத்த சரித்திரம்

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட சமவெளியில், மதுரையிலிருந்து கொங்கு நாட்டுக்கும் மைசூருக்கும் செல்லும் மார்க்கத்தைக் காத்து நிற்கும் ஒற்றைப் பெரும்பாறையின்மேல் அமைந்தது திண்டுக்கல் கோட்டை. பழனிப் பக்கமிருந்து வரும் எப்படையும் இன்றைய ரெட்டியார்சத்திரத்துச் சமவெளியைக் கடந்து இப்பாறையின் பார்வையில் பட்டே மதுரையை நாட வேண்டியிருந்தமையால், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பி, பின்னர் திருமலை நாயக்கர் பலப்படுத்திய இக்கோட்டை ஓயாத யுத்தங்களுக்கு இலக்காயிற்று.

1755-இல் மைசூரின் பவுஜ்தாராக (படைப்பொறுப்பு அதிகாரியாக) இங்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் துணைகொண்டு ஆயுதசாலை ஒன்றை நிறுவினார். பிற்காலத்தில் ஆங்கிலேயரைக் கலங்கடித்த மைசூர்ப் பீரங்கிப் படைக்கு இங்கேதான் வித்திடப்பட்டது என்றால் மிகையன்று. பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏறிச் செல்வோர் தடித்த சுவருடைய அறைகளையும், பீரங்கியையும், கருவறையில் மூர்த்தம் இல்லாத அபிராமி அம்மன் கோயிலையும் இன்றும் காணலாம்.

1767-இல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டையை மறு ஆண்டே ஹைதர் மீட்டார். 1783-இல் மீண்டும் பறிபோனதை 1784-ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கை மைசூருக்குத் திருப்பித் தந்தது. 1790 ஆகஸ்டில் ஆங்கிலேயப் படையின் கர்னல் ஸ்டூவர்ட் முற்றுகையிட்டபோது, மதிலேற முயன்ற படையைக் காவலர்கள் விரட்டியடித்தும், மறுநாளே கோட்டை சரணடைந்தது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பிரதேசம் முழுவதும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியாருக்கே உரியதாயிற்று.

எனினும் இச்சரித்திரத்தின் உயிர்நாடி கோட்டைக்கு வெளியே, மேற்கேயுள்ள பாளையங்களில் இருந்தது என்பதே உண்மை. 1772-இல் காளையார்கோயிலில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் அளித்தது விருப்பாச்சிப் பாளையம். அங்கிருந்தே அவர் ஹைதரின் படையுதவியைப் பெற்று 1780-இல் சிவகங்கையை மீட்டார். அப்பாளையத்தின் கோபால நாயக்கர், சிவகங்கையின் மருது சகோதரர்களோடும் கொங்கு நாட்டு வீரர்களோடும் கூட்டணி கண்டு கும்பெனியை எதிர்த்து நின்றார். 1800 ஜூனில் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்க வகுத்த திட்டம் முறிந்தது. அடுத்த ஆண்டு அவர் பிடிபட்டுத் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார்.

வேந்தரும் தளபதிகளும் கைமாற்றிக்கொண்ட கோட்டையைக் காணத் திரளாக வருகின்ற நம் மக்கள், பழனிச் சாலையில் ரெட்டியார்சத்திரத்தையும் ஒட்டன்சத்திரத்தையும் கடந்து, விருப்பாச்சியில் கோபால நாயக்கருக்கு எழுப்பப்பட்டுள்ள மணிமண்டபத்தையும் அவசியம் காண வேண்டும். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.