பொதுச் சொத்தும் பெயருரிமையும்

மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்னும் ஏற்பாட்டைத் திறந்த மூலம் என்பர். பலர் கூடி ஆக்கும் அந்நிரல் பொதுவானதே. ஆயின் அதன் பெயர், இணையத்தளம், வழிநடத்தும் அவை ஆகியவை யார் வசம் இருத்தல் வேண்டும்? ஓப்பன் ஆபிஸ் என்னும் மென்பொருளின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க சான்றாகும்.

ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் ஆக்கிய அலுவலக மென்பொருளை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999-ல் விலைக்கு வாங்கியது. மறு ஆண்டு அக்டோபர் 13-ல் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் உதவும் கருவி காசின்றிக் கிடைக்கவே, பல நாட்டுத் தொண்டர்கள் திரண்டனர். பிழை திருத்தினர், தத்தம் மொழிகளில் பெயர்த்தனர். தமிழரும் அவருள் இருந்தனர்.

இப்பணி தனித்தியங்கும் அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைக்கப்படும் என்று தொடக்கத்திலேயே சன் வாக்களித்திருந்தது. பத்தாண்டு கழிந்தும் அவ்வாக்கு நிறைவேறவில்லை. தாம் எழுதிய நிரலின் பதிப்புரிமையில் நிறுவனத்துக்கும் பங்கு எழுதித் தந்த பின்னரே ஒருவரது உழைப்பு ஏற்கப்பட்டது. ஊர் கூடித் தேர் இழுத்தது. தேர்க்கொட்டகைச் சாவியோ ஒருவர் மடியிலேயே கிடந்தது.

2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியது. சாவியும் கைமாறிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 28-ல் முன்னணித் தொண்டர்கள் டாக்குமென்ட் பவுண்டேஷன் என்னும் அமைப்பை அறிவித்தனர். ஆரக்கிளையும் சேர அழைத்து, ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரைத் தருமாறு வேண்டினர். லிப்ரெ ஆபிஸ் என்பது அதுவரைக்குமான தற்காலிகப் பெயரே. பெயர் கிட்டவில்லை. புதிய அமைப்பில் சேர்ந்தோர் பழைய அவையினின்று விலக வேண்டும் என அக்டோபரில் ஆரக்கிள் தரப்பினர் கோரினர். போட்டி அமைப்புகள் இரண்டிலும் ஒருவரே அமர்தல் தகாது என்னும் வாதத்தில் நியாயமே இல்லை எனல் இயலாது. எனினும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவரை வெளியேறச் சொல்லும் உரிமை அவர்க்கு உழைப்பினால் வந்ததன்று. வணிகப் பெயரைப் பதிந்து வைத்திருந்ததனால் வந்தது.

உரிமம் காத்தது நிரலை மட்டுமே. அதை எடுத்துக்கொண்டு தொண்டர்கள் வெளியேறினர். 2011 பிப்ரவரியில் அறக்கட்டளைக்கு மூலதனம் கேட்டபோது எட்டே நாளில் 50,000 யூரோ சேர்ந்தது. 2012-ல் பெர்லினில் அது பதிவாயிற்று. பங்களித்தோரே உறுப்பினர், நிர்வாகக் குழுவைத் தேர்வோரும் அவரே. எந்தவொரு நிறுவனத்தின் ஊழியரும் அதில் பெரும்பான்மை பெறாதபடி விதி வகுத்தனர். பதிப்புரிமையை எழுதித் தரும் வழக்கமும் ஒழிந்தது.

பழைய பெயரை ஆரக்கிள் 2011 ஜூனில் அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்தது. அப்பாச்சியும் இலாபம் நாடாத அமைப்பே. ஆனால் உழைப்பவர் பெரும்பாலோர் முன்னரே வேறிடம் சென்றிருந்தனர். 2014-ல் 4.1 பதிப்பு வெளிவந்தபின் அங்கு நிகழ்ந்தவை பெரும்பாலும் சிறு திருத்தங்களே. பழம்பெயரை நம்பிப் பதிவிறக்குவோரோ குறைந்தபாடில்லை. ஓப்பன் ஆபிஸின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2020 அக்டோபரில், லிப்ரெ ஆபிஸ் தரப்பினர் அப்பாச்சிக்கு ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதினர். லிப்ரெ ஆபிஸ் என ஒன்று இருப்பதைத் தங்கள் பயனர்க்குத் தெரிவிக்குமாறு அதில் வேண்டியிருந்தனர்.