மணி அடித்தால் இரண்டு அறை

நான் படித்தது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பள்ளி, அரசு உதவிபெறுவது. வாரத்தில் சில நாள் மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஒரு அறை, மற்றவர்கள் நீதிபோதனைக்கு இன்னொன்று. நாங்கள் நீதிபோதனைக்காரர்கள். டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துவார், நாங்கள் கணக்கு வீட்டுப்பாடத்தை முடிப்போம். யார் எந்த அறைக்கு என்று அப்பா அம்மாவை யாரும் கேட்டதாக நினைவில்லை. வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரே போதுமானதாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இதே வயதுப் பிள்ளைக்குச் சமயம் ஒரு பாடம். இலங்கை ஆரம்பப் பள்ளிகளில் தாய்மொழி, கணிதம், சுற்றாடல் என்ற வரிசையில் அதுவும் முதலாம் தரத்திலிருந்தே உண்டு. சைவப் பிள்ளைக்குச் 'சைவநெறி' நூலை அரசே அச்சிட்டுக் கொடுக்கிறது. மற்றச் சமயத்தாருக்கும் தனித்தனி நூல்கள். சாதாரண தரப் பரீட்சை வரை இது விடாது.

இங்கே அரசமைப்பின் 28ஆம் பிரிவு வேறு வழியில் போகிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது. உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில் நடத்தலாம், ஆனால் பிள்ளையைப் பங்கேற்கச் சொல்லக் காப்பாளரின் சம்மதம் வேண்டும். பெற்றோர் மறுக்காமல் இருந்தால் போதும் என்பதல்ல, 'சரி' என்று சொல்லியிருக்க வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் மிஷன் பள்ளிகளில் பெற்றோரின் மனச்சாட்சிக்கு இடம் கேட்டு வாதாடியவர்களில் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் ஒருவர். பின்னால் சட்டமே வந்துவிட்டது. சம்மதக் கடிதத்தைத்தான் நான் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை.

இரண்டு ஊரிலும் தொடக்கம் பாதிரிமார்தான். சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணம் வந்தது 1816இல். யாழ்ப்பாணத்தின் பதில் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பைபிள் மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் எழுதிய 'சைவ வினாவிடை'யின் கேள்வி-பதில் அமைப்பு, மிஷன் பள்ளிகளின் ஞானோபதேச வகுப்பை நினைவூட்டும். எதிராளியின் ஆயுதத்தையே எடுத்துத் தீட்டிக்கொண்டார்.

அவருக்கு 'நாவலர்' பட்டம் கொடுத்தது நம் திருவாவடுதுறை ஆதீனம். அதே ஆதீனத்தின் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்தவர்களில் இன்னொரு நாவலரும் உண்டு: நாகூர் குலாம் காதிறு நாவலர். சைவ ஆசிரியர், இஸ்லாமிய மாணவர், நடுவே தமிழ். இந்த வழக்கத்தின் மிச்சம் இன்றும் உண்டு. நம் மேல்வகுப்புத் தமிழ் நூல்களில் தேவாரத்தையும் தேம்பாவணியையும் சீறாப்புராணத்தையும் பிள்ளைகள் செய்யுளாகப் படிக்கிறார்கள்.

டெல்டாவில் பெற்றோரின் தேர்வு பாடத்திட்டத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. கூத்தாநல்லூரிலோ அதிராம்பட்டினத்திலோ விடிகாலையில் பாருங்கள். தொப்பியும் முக்காடுமாகப் பிள்ளைகள் ஓதப் போகும். குர்ஆனை ரெஹாலில் விரித்து வைத்து ஓதிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து, யூனிஃபார்ம் மாட்டி, இட்லியை வாயில் அடைத்துக்கொண்டு வேனைப் பிடிக்கும். கத்தோலிக்க வீடுகளில் ஞாயிறு பூசையை ஒட்டி மறைக்கல்வி. இந்து வீடுகளில் பெரும்பாலும் ஏற்பாடு என்று ஒன்றும் கிடையாது. பாட்டி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் மார்கழியில் திருப்பாவைப் போட்டியோடு சரி. அந்த வீடுகள்தாம், சம்பா அறுத்த காசு கையில் இருக்கும்போதே, கான்வென்ட்டில் சேர்க்கை ஃபாரம் வாங்க நிற்கின்றன. காலை ஜெபம் அவர்களை உறுத்துவதில்லை. இதைச் சமரசம் என்று புகழ எனக்குத் தயக்கம். இங்கிலீஷும், வீட்டு வாசலுக்கு வரும் வேனும் பாதிக் காரணம்.

கோயில் ஊர்ப் பிள்ளைக்குச் சமயக்குரவர் நால்வரின் பெயர் தெரியவில்லையே என்று யாழ்ப்பாணத்து நண்பர்கள் வியப்பார்கள். அந்தக் குறை உண்மை. அங்கே பிள்ளை நால்வரையும் அறிந்திருக்கும், பரீட்சைக்காகவாவது. ஆனால் பிறந்த சமயத்தின் புத்தகம் தானாகக் கைக்கு வந்துவிடும்போது தாய் தகப்பன் முடிவெடுக்க என்ன மிச்சம்? பக்திக்கு மார்க் போடுவதும் எனக்கு ஒப்பவில்லை. நம் ஊர் வழியே மேல் என்பேன், அந்த வராத கடிதத்தைத் தவிர.

பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதக் கட்டங்களை நிரப்பாமல் விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973லேயே அரசாணை உண்டு. அப்படி விட்டுச் சேர்த்த பிள்ளையும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. மணி அடித்தால் அது டீச்சர் முகத்தைத்தான் பார்க்கும்.