துணியில் விரிந்த வானம்

திரைப்படத்தில் ஒளி வெறும் வெளிச்சமன்று. இடத்தையும் பொழுதையும் உணர்த்தும் மொழி. அம்மொழியில் பொய் புகுந்தால் நடிப்பும் பொய்த்துவிடும். இதனை நன்குணர்ந்தவர் வங்க ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா.

1930இல் பிறந்த மித்ரா, சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு (1955) முன் திரைப்படக் கேமராவை இயக்கியவரல்லர். அடுத்த படமான 'அபராஜிதோ'வுக்குக் காசி வீட்டு முற்றம் ஒன்று தேவைப்பட்டது. மழைக்கு அஞ்சி, அதனைக் கல்கத்தா ஸ்டூடியோ ஒன்றினுள் அமைக்க முடிவாயிற்று. மித்ரா மறுத்தார். சுவர்கள் சூழ்ந்த முற்றத்தில் வானொளி மேலிருந்து நிழலின்றிப் பரவும்; ஸ்டூடியோ விளக்குகளோ கூரிய நிழல்களை வீழ்த்தும் என்பது அவர் வாதம். அது ஏற்கப்படவில்லை.

வாதத்தில் தோற்றவர் வழியொன்று கண்டார். முற்றத்தின்மேல் வெள்ளைத் துணியை வானமென இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழிருந்து அதன்மீது திருப்பினார். துணியில் பட்டு மீண்ட ஒளி பகலொளியாய் முற்றத்தில் இறங்கியது. 1956இல் வெளிவந்த படத்தில் ஸ்டூடியோச் சுவர்கள் காசி வீடாகவே நின்றன.

அவர் நிழலை நீக்கியது அழகுக்காக அன்று. அவ்வீட்டில் அந்நிழல் விழுந்திராது என்பதற்காகவே. சொல்லைத் தேர்வோர்க்கும் இதனினும் நேரிய அளவுகோல் இல்லை.