பிடி அரிசியும் பேராயர் அசரியாவும்



நம் சங்க மலரைப் புரட்டினால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு பட்டமோ பதவியோ இருக்கும். அதில் தப்பில்லை, உழைத்து வாங்கியதுதானே! ஆனால் இந்த முறை, கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்காமலே வெளியே வந்த ஒருவரைப் பற்றி எழுதலாமென்று தோன்றியது. சபையில் முழுமனதோடு ஊழியம் செய்வது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாதான் அவர்.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி பிறந்தார். தந்தை கிராமத்துக் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், பட்டம் பெறவில்லை. 1895-இல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்து, தென்னிந்தியா முழுக்க வாலிபர் கூட்டங்களுக்காகச் சுற்றினார். நல்ல பேச்சாளர், நல்ல நிர்வாகி என்று பெயரும் வந்தது. அப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம்.

1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கேயுள்ள தமிழ் மாணவர்கள் கைக்காசு போட்டு, கடலுக்கு இந்தப் பக்கம் தொண்டியில் ஊழியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது. திருநெல்வேலிக்குச் சுவிசேஷம் வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஊருக்கு ஊர் கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. ஆனால் நாம் யாரை அனுப்பினோம்? எல்லாவற்றுக்கும் சீமைப் பணத்தையும் சீமை மிஷனரியையும்தானே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம். ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியரிடம் என்பது கொள்கை. மறு வருஷமே சாமுவேல் பாக்கியநாதன் என்பவர் முதல் ஊழியராக நைஜாம் ராஜ்யத்துக்குப் புறப்பட்டார். 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் உருவாயிற்று. அதிலும் அசரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கேதான் ஒரு முக்கியமான கட்டம். "போங்கள், போங்கள்" என்று வாலிபர்களை அனுப்பிக்கொண்டிருந்தவரின் மனசாட்சி, "நீ எப்போது போகப்போகிறாய்?" என்று கேட்க ஆரம்பித்தது. கமிட்டியில் உட்கார்ந்து தீர்மானம் போடுவது சுலபம். அவர் 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டார், குருப்பட்டம் பெற்றார், தெலுங்கு படித்தார், தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். முதலில் கூடாரத்தில்தான் வாசம். மனைவி அன்பு மரியம்மாள் அந்தக் காலத்திலேயே கல்லூரிப் படிப்பைத் தொட்டவர். அவரும் கிராமத்துப் பெண்கள் நடுவே இறங்கி உழைத்தார்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அசரியா பேசியதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். மிஷனரிகள் செய்த தியாகத்தை நன்றியோடு சொல்லிவிட்டு, எங்களுக்கு வேண்டியது நட்பு, அதைத் தாருங்கள் என்ற கருத்தில் பேசி முடித்தார். வெள்ளைக்காரர் நிறைந்த அந்தச் சபையில் 35 வயதுத் தமிழர் ஒருவர் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சிலருக்குக் கோபமும் வந்தது. பிறகு அவரைப் பேராயராக்கும் யோசனை எழுந்தபோது ஐரோப்பியர் சிலர் எதிர்த்தார்கள். நம்ம ஊர்க் கிறிஸ்தவர்கள் சிலரும் எதிர்த்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் அபிஷேகம் பெற்றார்.

அவருடைய மக்கள் யார்? பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஏழைக் கூலிகள். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போவார். அழுக்கு, நோய், கடன், குடி இந்த நாலும்தான் கிராமத்தைப் பிடித்த பேய்கள் என்று போதிப்பார். ஏழை என்பதற்காகக் காணிக்கையிலிருந்து யாருக்கும் விலக்குக் கொடுக்கவில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, கோயிலுக்குக் கொண்டுவரச் சொன்னார். சிலர் இதைக் கொடுமை என்று நினைக்கலாம். ஆனால் வாங்கியே பழகிய கைக்கு, நானும் கொடுக்கிறவன் என்கிற மரியாதை அந்தப் பிடி அரிசியில்தான் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களும் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர்களே என்றும் கற்பித்தார்.

எல்லாம் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. மாலா, மாதிகா பேதம் சபைக்குள்ளும் நுழைந்து அவரை வாட்டியது. 1930-களில் கூட்டமாக நடந்த மதமாற்றங்களைக் காந்தியடிகள் கடுமையாக விமர்சித்தார். அதில் அசரியாவின் பெயரும் அடிபட்டது. அதே அசரியாதான் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம், அது நம்மை நாட்டு மக்களிடமிருந்து பிரித்துவிடும் என்று வாதாடினார். இரண்டு பக்கமும் அடி வாங்கினாலும் தன் வேலையை விடவில்லை.

1939 ஜனவரி 6-இல் தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டையாயிற்று. கோயில் தூணும் மசூதி விதானமும் கலந்த கட்டடம் அது. 1945 ஜனவரி 1-இல் அவர் காலமானபோது, அந்தப் பேராயத்தின் மக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். 1919 தரங்கம்பாடி மாநாடு முதல் அவர் பாடுபட்ட சபை ஐக்கியம், தென்னிந்தியத் திருச்சபையாக 1947 செப்டம்பர் 27-இல் நிறைவேறியது. அதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் இன்று சபைக் கமிட்டிகளில் இருக்கிறோம். தேர்தல், பதவி, சொத்து வழக்கு என்று சபைகளில் நேரம் எப்படிப் போகிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறரைப் போகச் சொன்ன அசரியா தானும் போனார். தான் கொடுத்துவிட்டுத்தான் ஏழையையும் கொடுக்கச் சொன்னார். அர்ப்பணிப்பு என்பது இவ்வளவுதான். நாம் எல்லோரும் தோர்ணக்கல் போக முடியாது. ஆனால் நம் ஞாயிறு பள்ளிக்கு ஒரு வாத்தியார் குறைகிறார் என்றால், அறிக்கை வாசித்து ஆள் தேடுவதற்கு முன், அந்த நாற்காலியில் நாமே போய் உட்காரலாமே! நம் வீட்டு உலையிலும் ஒரு பிடி அரிசி மிஞ்சாமலா போய்விடும்?